கேட்க வேண்டியவர் யார்? ஜப்பானில் தந்தையர் விடுப்பின் வரலாறு, 1992–2025

2019இல் யுனிசெஃப் 41 வசதிபடைத்த நாடுகளின் குடும்பநலக் கொள்கைகளை ஒப்பிட்டு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. குழந்தை பிறந்தபின் தந்தைக்கு ஊதியத்தோடு கிடைக்கும் விடுப்பின் நீளத்தை அளவுகோலாகக் கொண்டால், அந்த வரிசையில் சுவீடனையும் நார்வேயையும் முந்தி நின்றது ஜப்பான். முழுச் சம்பளத்துக்கு ஈடாகக் கணக்கிட்டால் முப்பது வாரம். அதே அறிக்கை இன்னொன்றையும் குறிப்பிட்டது. 2017இல் அந்த விடுப்பை எடுத்த ஜப்பானியத் தந்தையர் இருபதில் ஒருவர்தான்.

இவ்வளவு தாராளமான சலுகையை ஏறக்குறைய யாருமே தொடவில்லை. இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஜப்பானிய ஆணுக்கு அலுவலகமே கதி, பிள்ளை வளர்ப்பு அவனுக்கு ஒட்டாது என்பது ஒன்று. வருமானம் குறையும் என்ற கவலை மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் அண்மையில் நடந்ததை விளக்கப் போதவில்லை. 2019இல் 7.48 விழுக்காடாக இருந்த தந்தையர் விடுப்பு 2024இல் 40.5 விழுக்காட்டை எட்டியது. ஐந்தாண்டில் ஒரு நாட்டு ஆண்களின் மனப்போக்கு தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை. உதவித்தொகை விகிதமும் அந்த ஐந்தாண்டில் உயரவில்லை. மாறியது விடுப்பைப் பற்றிய பேச்சை யார் முதலில் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகள் ஒரே மாதிரி இருந்து, பிறகு எப்படிப் புரண்டது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1.57 தந்த அதிர்ச்சி

1990 ஜூனில் ஜப்பானிய அரசு முந்தைய ஆண்டின் கருவள விகிதத்தை வெளியிட்டது. ஒரு பெண்ணுக்கு 1.57 குழந்தை. அதற்குமுன் மிகக் குறைவாக இருந்தது 1966ஆம் ஆண்டின் 1.58. ஆனால் அந்த ஆண்டுக்கு ஒரு சாக்கு இருந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு அது. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் தம்பதியர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். 1989க்கு அப்படிப் பழிபோட ஒரு மூடநம்பிக்கையும் கிடைக்கவில்லை. நாளிதழ்கள் அந்த எண்ணையே அதிர்ச்சியின் பெயராக்கின.

குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்ற கருத்து அதற்கு முன்பும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் பெண் ஊழியர்களுக்கு அதை அளிக்க முயலுமாறு முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது, கட்டாயம் இல்லை. 1975இல் அரசுத்துறை ஆசிரியைகள், செவிலியர், குழந்தைக் காப்பகப் பணியாளர் ஆகியோருக்கு அது உரிமையானது. 1991 மேயில் நிறைவேறி 1992 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதைத் தனியார் துறைக்கும், முதன்முறையாக ஆண்களுக்கும் விரித்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தாயோ தந்தையோ விடுப்பில் இருக்கலாம். முதலாளி மறுக்கக் கூடாது.

காகிதத்தில் இது பெரிய பாய்ச்சல். நடைமுறையில் பல ஓட்டைகள். விடுப்புக் காலத்துக்குச் சம்பளம் இல்லை. மீறும் முதலாளிக்குத் தண்டனை இல்லை. முப்பது பேர்வரை வேலைபார்க்கும் நிறுவனங்களுக்கு 1995வரை விலக்கு. இவற்றைவிட ஆழமான ஓட்டை ஒன்று பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. மனைவி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அந்த ஊழியருக்கு விடுப்பு இல்லை என்று நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இந்த விதி 2010 ஜூன் 30இல்தான் நீங்கியது. மனைவி வீட்டில் இருக்கும்போது உனக்கு எதற்கு லீவு என்று மேலாளர் கேட்டால், அவர் தம் பழைமைவாதத்தை மட்டும் பேசவில்லை. சட்டத்தின் குரலில் பேசினார். விதி போனபிறகும் அந்தக் கேள்வி அலுவலகங்களில் தங்கிவிட்டதில் வியப்பில்லை.

பணம் எவ்வளவு விளக்கும்?

உதவித்தொகை படிப்படியாக ஏறிய வரலாறு நமக்கு ஒரு சோதனைக் களம். 1995 ஏப்ரலில் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து முதன்முறையாகச் சம்பளத்தில் 25 விழுக்காடு தரப்பட்டது. மறு ஆண்டு எடுத்த கணக்கில் விடுப்பு எடுத்த தந்தையர் 0.12 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்று மேல். 2001இல் தொகை 40 விழுக்காடானது. 2002இல் தந்தையர் 0.33 விழுக்காடு. அரசு 10 விழுக்காட்டை இலக்காக அறிவித்ததும் அதே 2002இல்தான்! 2007இல் தொகை 50, தந்தையர் 1.56. 2014 ஏப்ரலில் முதல் 180 நாளுக்கு 67 விழுக்காடு. விடுப்புக் காலத்தில் சமூகக் காப்பீட்டுச் சந்தா கிடையாது, உதவித்தொகைக்கு வரியும் கிடையாது என்பதால், கைக்கு வரும் தொகை வழக்கமான கைச்சம்பளத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு. 2016இல் தந்தையர் 3.16.

பணம் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது உண்மைதான். ஆனால் உதவி கால் பங்கிலிருந்து மூன்றில் இரண்டாக வளர்ந்தபின்பும் நூறில் தொண்ணூற்றேழு பேர் எடுக்கவில்லை. பணத்தடை என்பது வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து போடும் கணக்கு. அலுவலகத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மேசைத் தீவுகளுக்கு நடுவே

ஜப்பானியப் பெருநிறுவனத்தில் ஊழியர் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அல்ல, நிறுவனத்துக்கே சேர்க்கப்படுகிறார். கல்லூரி முடித்து ஏப்ரலில் சேருபவருக்கு எந்தத் துறை, எந்த ஊர் என்பதை நிர்வாகம் பிறகு சொல்லும். ஒரு பிரிவைச் சேர்ந்தவர்கள் மேசைகளை எதிரெதிரே ஒட்டிப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முனையில் எல்லோரையும் பார்த்தபடி பிரிவுத் தலைவர். வேலை தனி ஆளுக்கு எழுதித் தரப்பட்டதன்று, பிரிவுக்கு உரியது. ஆகவே ஒருவர் மூன்று மாதம் இல்லையென்றால் மாற்று ஆள் வரமாட்டார். அவருடைய வேலை இடப்பக்கத்து மேசைக்கும் வலப்பக்கத்து மேசைக்கும் பிரிந்து போகும். விடுப்பு கேட்பவரின் மனத்தில் முதலில் வந்து நிற்கும் முகம் முதலாளியுடையது அன்று. இரவு ஒன்பது மணிவரை அவரோடு உட்கார்ந்திருக்கும் சகாவுடையது. தயக்கத்தைச் சோம்பல் என்றோ பயம் என்றோ மட்டும் படிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதில் நியாய உணர்வும் கலந்திருக்கிறது.

இடமாற்றம் இன்னொரு நிழல். ஓசாக்காவைச் சேர்ந்த பெயின்ட் நிறுவனம் ஒன்றின் ஊழியர், தாயும் வேலைபார்க்கும் மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் இருப்பதைச் சொல்லி நாகோயாவுக்கு மாற மறுத்தார், வேலை போயிற்று. 1986 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இத்தகைய குடும்பச் சிரமம் ஊழியர் பொதுவாகத் தாங்கிக்கொள்ள வேண்டியது என்பது தீர்ப்பின் சாரம். விடுப்புச் சட்டம் வருவதற்கு ஆறாண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்தத் தீர்ப்புதான் நிறுவனத்தின் மாற்றல் அதிகாரத்துக்கு அடித்தளம். விடுப்பை மறுக்க முடியாத நிர்வாகம், திரும்பி வந்தவரை வேறு ஊருக்கு அனுப்ப முடியும் என்பது எல்லா ஊழியருக்கும் தெரியும்.

இனி விண்ணப்பம். விடுப்பு தொடங்க ஒரு மாதத்துக்கு முன் ஊழியர் எழுத்தில் கேட்க வேண்டும் என்றது சட்டம். முதலாளி மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு, கேட்டபிறகுதான் உயிர் பெறுகிறது. இங்கே பெண்ணும் ஆணும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பெண்ணின் கர்ப்பம் அலுவலகத்துக்குத் தானே தெரிந்துவிடும். பேறுக்குப் பிந்தைய எட்டு வாரத்தில் அவரை வேலைக்கு அமர்த்துவதற்குத் தொழிலாளர் தரநிலைச் சட்டமே தடை போடுகிறது. அவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அதன் நீட்சி. ஆண் விஷயத்தில் உடலும் பேசாது, சட்டமும் பேசாது. மனைவி பிரசவித்த மறுவாரம் அவன் வழக்கம்போல் மேசையில் இருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. வழக்கத்தை உடைக்கும் முதல் வாக்கியத்தை அவன்தான் சொல்ல வேண்டும். பலர் அதைச் சொல்லாமல், காரணம் கேட்கப்படாத வருடாந்தர ஊதிய விடுப்பில் சில நாளை எடுத்து மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள்.

பெண்களின் நிலையையும் புள்ளிவிவரத்தை நம்பி மிகைப்படுத்தக் கூடாது. 2008இல் பெண்கள் விடுப்பு எடுத்த விகிதம் 90.6 விழுக்காடு என்று அரசுக் கணக்கு சொல்கிறது. பிரசவத்துக்கு முன்பே வேலையை விட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 1980களின் பிற்பாதியிலிருந்து 2000களின் இறுதிவரை, வேலையில் இருந்து முதல் குழந்தை பெற்ற பெண்களில் தொடர்ந்து வேலையில் நீடித்தவர்கள் நாற்பது விழுக்காட்டை ஒட்டியே நின்றார்கள். கேட்கத் தயங்கிய ஆண் வேலையில் தொடர்ந்தான். கேட்கத் தயங்கிய பெண் வேலையை விட்டு விலகினாள். கணக்கில் இரண்டாமவள் தெரியாமலே போனாள்.

எல்லோரும் மற்றவரைப் பற்றி நினைத்தது

2017இல் கியூஷூ பல்கலைக்கழகத்தின் தகேரு மியாஜிமா, ஹிரோயுகி யமாகுச்சி இருவரும் இளம், நடுத்தர வயது ஆண்களிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டார்கள். தந்தையர் விடுப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்களைப் போன்ற மற்ற ஆண்கள் என்ன நினைப்பார்கள்? தம்மளவில் விடுப்பை நல்லதாகக் கருதியவர்கள்கூட, மற்றவர்கள் தம்மைவிட எதிர்ப்பாக இருப்பார்கள் என்று ஊகித்தார்கள். விருப்பம் இருந்தும், பிறர் எதிர்ப்பார்கள் என்று நம்பியவர்களிடம் விடுப்பு எடுக்கும் எண்ணம் தளர்ந்திருந்தது. பத்துப் பேர் ஒரு பிரிவில் இருந்தால் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைத் தவறாகக் கணித்திருக்கிறார்கள். யாரும் வாய் திறக்காததால் கணிப்பு திருத்தப்படுவதே இல்லை. சமூக உளவியலாளர்கள் 1930களிலேயே இந்த நிலையைக் கண்டு பெயரிட்டுவிட்டார்கள். ஜப்பானிய அலுவலகம் அதற்கு வாகான இடம்.

ஆனால் இதை ஜப்பானியக் குணம் என்று முத்திரை குத்துவது தவறு. நார்வே 1993 ஏப்ரலில் தந்தைக்கென்றே நான்கு வாரத்தை ஒதுக்கியது. தந்தை எடுக்காவிட்டால் குடும்பம் அதை இழக்கும். கோர்டன் டால், கத்ரீனே லோக்கன், மாக்னே மொக்ஸ்தாத் ஆகிய பொருளியலாளர்கள், அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் குழந்தை பெற்றவர்களின் சகாக்களையும் சகோதரர்களையும் பின்தொடர்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். சகா ஒருவர் விடுப்பு எடுத்திருந்தால் பிறகு தந்தையாகும் ஊழியர் எடுக்கும் வாய்ப்பு 11 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. சகோதரர் எடுத்திருந்தால் 15. எடுத்தவர் மேலாளராக இருந்தால் தாக்கம் சக ஊழியரைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். விடுப்பு எடுத்தால் நிர்வாகம் என்ன செய்யும் என்ற தகவல்தான் இப்படிப் பரவுகிறது என்பது அவர்கள் விளக்கம். முதல் ஆள் போய்வந்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் இரண்டாம் ஆள் போகிறார். ஜப்பானில் அந்த முதல் ஆள் பெரும்பாலான பிரிவுகளில் இல்லவே இல்லை.

தந்தையை நோக்கிய சுவரொட்டிகள்

அரசு பிரச்சாரத்தில் குறை வைக்கவில்லை. 1999இல் பாடகி நமியே அமுரோவின் கணவரான நடனக் கலைஞர் சாம் கைக்குழந்தையைத் தூக்கி நிற்கும் சுவரொட்டி வந்தது. பிள்ளை வளர்க்காதவனைத் தந்தை என்று அழைக்க முடியாது என்ற பொருளில் வாசகம். 2010 ஜூனில் பிள்ளை வளர்ப்பில் ஈடுபடும் ஆணைக் கவர்ச்சியானவனாகக் காட்டும் ‘இக்குமென்’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் டோக்கியோவின் புன்கியோ வட்டார மேயர் ஹிரோனோபு நாரிசாவா இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார்; உள்ளாட்சித் தலைவர்களில் அவரே முதலாமவர். 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஷின்ஜிரோ கொய்சுமி மூன்று மாதத்தில் பிரித்துப் பிரித்து மொத்தம் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.

இவற்றை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் முகவரி பிழை. சுவரொட்டி தந்தையை நோக்கிப் பேசியது. அவன் பிரிவுத் தலைவரை நோக்கிப் பேசவில்லை. ஏற்கெனவே விரும்பியவனுக்கு விரும்பு என்று அறிவுரை. மேயருக்கும் அமைச்சருக்கும் பதவி உயர்வு மதிப்பீடு எழுத மேலதிகாரி இல்லை என்பதும் ஊழியர்களுக்குத் தெரியாததல்ல.

தண்டிக்கும் வழியும் முயலப்பட்டது. ஹிரோஷிமாவில் கர்ப்பக் காலத்தில் பதவி இறக்கப்பட்ட இயன்முறை மருத்துவப் பணியாளர் வழக்கில், 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய பதவியிறக்கம் கொள்கையளவில் சட்டவிரோதம் என்றது. 2017 ஜனவரியிலிருந்து, மகப்பேறு, குழந்தை விடுப்பு தொடர்பான துன்புறுத்தலைத் தடுக்க ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமையானது. ஆயினும் 2019 ஜூனில், நான்கு வார விடுப்பு முடிந்து திரும்பிய இரண்டு நாளில் தன் கணவருக்குத் தொலைவூர் மாற்றல் வந்தது என்று ஒரு பெண் ட்விட்டரில் எழுத, நாடே கொதித்தது. பெரிய வேதியியல் நிறுவனம் அது. தன் நடவடிக்கையில் தவறில்லை என்று விளக்கம் தந்தது. சட்டப்படி அந்த விளக்கம் 1986 தீர்ப்பின் நிழலில் நின்றது. மற்ற அலுவலகத்து இளம் தந்தையர் அதிலிருந்து படித்துக்கொண்ட பாடம் எந்தச் சுவரொட்டியைவிடவும் வலுவானது.

கேள்வி இடம் மாறியது

திருப்பம் ஒரு வீடு கட்டும் நிறுவனத்திலிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. செகிசுய் ஹவுஸ் தலைவர் யோஷிஹிரோ நாக்காய் 2018இல் ஸ்டாக்ஹோம் போனபோது, தள்ளுவண்டியில் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களில் அத்தனை ஆண்களைப் பார்த்து வியந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் நிறுவனம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள ஆண் ஊழியர் எல்லோரும் ஒரு மாதமாவது விடுப்பு எடுக்க வேண்டும் என்றது. நான்கு தவணையாகப் பிரிக்கலாம்; முதல் மாதம் முழுச் சம்பளம். கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுவேலைப் பங்கீட்டை நிரப்பித் தரவும் ஒரு படிவம் உண்டு. எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று நிறுவனம் கேட்கும். இங்கே விளக்கம் சொல்ல வேண்டியவர் விடுப்பு எடுப்பவர் அல்ல, எடுக்காதவர்.

அரசு தன் வீட்டிலும் இதைச் செய்து பார்த்தது. 2020 ஏப்ரலிலிருந்து, தந்தையாகும் அரசு ஊழியரின் மேலதிகாரியே அவரைக் கலந்து ஒரு மாதத்துக்குக் குறையாத விடுப்புத் திட்டத்தை எழுத வேண்டும். அது மேலதிகாரியின் பணி மதிப்பீட்டிலும் சேரும். பொதுப்பிரிவு மத்திய அரசு ஊழியரில் 2019 நிதியாண்டில் 28 விழுக்காடாக இருந்தது அடுத்த ஆண்டே 51.4 ஆயிற்று. சட்டம், உதவித்தொகை, ஊழியர் எல்லாம் முன்போலவே இருக்க, ஓராண்டில் இந்த ஏற்றம். கொரோனாவால் அலுவலகப் பழக்கங்கள் குலைந்திருந்ததும் உதவியிருக்கும். அதைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். ஆனால் தனியார் துறையில் அதே காலத்தில் 7.48இலிருந்து 12.65க்குத்தான் உயர்ந்தது.

2021 ஜூனில் நிறைவேறிய திருத்தம் இந்த வழியைத் தனியார் துறைக்கும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல், தனக்கோ துணைக்கோ குழந்தை பிறக்கவிருப்பதாக ஓர் ஊழியர் தெரிவித்தால், முதலாளி அவரைத் தனியே அழைத்து விடுப்பு ஏற்பாட்டை விளக்கி, எடுக்க விருப்பமா என்று கேட்டாக வேண்டும். கேட்கும் விதம் அவரைப் பின்வாங்கச் செய்வதாக இருக்கக் கூடாது. முதல் சொல் இப்போதும் ஊழியருடையதுதான். ஆனால் அது கோரிக்கை அல்ல, நற்செய்தி. எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று சொல்ல யாரும் கூசுவதில்லை. அக்டோபரில், பேறுக்குப் பிந்தைய எட்டு வாரத்துக்குள் நான்கு வாரம் எடுக்கும் தனி விடுப்பு வந்தது. இதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு இரண்டு வாரமாகச் சுருங்கியது. 2023 ஏப்ரலில் ஆயிரம் பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தம் தந்தையர் விடுப்பு விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிடக் கட்டாயமானது. வேலை தேடும் மாணவர்கள் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள் என்பதால் மனிதவளத் துறைகள் விழித்துக்கொண்டன. 2022இல் 17.13, 2023இல் 30.1, 2024இல் 40.5.

எண்களுக்குப் பின்னால்

இந்த விகிதம் ஒரு நாள் எடுத்தவரையும் ஓராண்டு எடுத்தவரையும் ஒன்றாகவே எண்ணுகிறது. 2023 கணக்கில் தந்தையரில் 37.7 விழுக்காட்டினர் எடுத்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு. தாய்மாரில் பெரும்பாலோர் பத்து மாதத்துக்கு மேல். நிறுவனத்தின் எண் உயர்வதற்காக எடுக்கப்படும் சில நாள் விடுப்பையும், வீட்டில் இருந்தும் துரும்பைக்கூட அசைக்காத கணவனையும் பற்றித் தாய்மார் புலம்புவது அங்கே சாதாரணம். கேட்கும் கடமையை முதலாளிமேல் ஏற்றினால் தயக்கம் குறைகிறது. நீளம் தானாகக் கூடுவதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பெற்றோர் இருவரும் 14 நாளாவது எடுத்தால் 28 நாள்வரை 80 விழுக்காடு உதவி, அதாவது கைக்கு ஏறத்தாழ முழுச் சம்பளம் என்று அரசு மாற்றியிருப்பது இதை மனத்தில் வைத்துத்தான்.

பக்கத்து மேசையின் சுமை இன்னும் தீரவில்லை. விடுப்பில் போகிறவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்யும் பிள்ளையில்லாத ஊழியரின் எரிச்சல் அண்மை ஆண்டுகளில் சமூக வலைத்தளங்களில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. இதைக் கண்டுகொண்டு பணம் வைத்த நிறுவனம் மிட்சுயி சுமிட்டோமோ காப்பீட்டு நிறுவனம். 2023 முதல், ஒருவர் விடுப்பில் போனால் அவர் பிரிவில் மீந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறைத் தொகை தருகிறது: பெரிய பிரிவு, குறுகிய விடுப்பு என்றால் 3,000 யென், சிறிய பிரிவு, நீண்ட விடுப்பு என்றால் 1,00,000 யென்வரை. 2024 தொடக்கத்திலிருந்து, இப்படிச் சகாக்களுக்கு ஈடு கொடுக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசும் மானியத்தைக் கூட்டியிருக்கிறது. தயங்கிய தந்தையின் மனத்தில் முதலில் நின்ற முகத்துக்கு நேராகப் பதில் சொன்ன ஏற்பாடு இது ஒன்றுதான். முப்பது ஆண்டுகள் யாருக்கும் இது தோன்றாதது விந்தை.

சிறு நிறுவனங்களில்தான் சிக்கல் இறுகுகிறது. ஜப்பானியத் தொழிலாளரில் சுமார் எழுபது விழுக்காட்டினர் சிறு, நடுத்தர நிறுவனங்களில் இருக்கிறார்கள். 2023இல் 500க்கு மேற்பட்டோர் உள்ள இடங்களில் தந்தையர் விடுப்பு 34.2 விழுக்காடு, 5 முதல் 29 பேர் உள்ள இடங்களில் 26.2. விகிதத்தை வெளியிடும் கட்டாயம் 2025இல் 300 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள்வரை இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே இல்லை. இருபது பேர் வேலைசெய்யும் பட்டறையில் விருப்பமா என்று கேட்க வேண்டியவரும் முதலாளி, ஆமாம் என்ற பதில் வந்தால் விடுப்பில் போகிறவரின் கடைசல் இயந்திரத்துக்கு ஆள் தேட வேண்டியவரும் அவரே, கிடைக்காவிட்டால் தாமே நிற்க வேண்டியவரும் அவரே. 2030க்குள் 85 விழுக்காடு என்று அரசு வைத்திருக்கும் இலக்கு டோக்கியோவின் பெருநிறுவனங்களைவிட இந்தப் பட்டறைகளைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது.